புதிதாகச் சொன்னால் கை தூக்குகிறேன்

ஜனவரி 11

வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. முதுகைத் தவிர மற்றபடி நன்றாக இருக்கிறேன். நாற்காலி மாற்றித் தருவதாக அலுவலகத்தில் மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கார்டு வந்தது. "நலம். மழை. சட்டை அனுப்பினேன்." தந்தி ஆபீசில் சேர்ந்திருந்தால் அம்மா இந்நேரம் தலைமை அதிகாரி.

ஒரு சந்தோஷம். எனக்குப் பத்திரிகையில் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பக்கம், வரி விளம்பரங்களுக்கும் குறுக்கெழுத்துக்கும் நடுவில். தலைப்பு "கடைசிப் பத்தி". என் பெயர் "ஒட்டுக்கேட்பவன்". ஆசிரியர் வைத்தது. வேலை இதுதான்: டெலிபிரிண்டர் துப்புகிற செய்திகளில் யாருக்கும் வேண்டாததைப் பொறுக்க வேண்டும். இரண்டு வரியை இருபது வரி ஆக்க வேண்டும். சிரிப்பு வர வேண்டும்.

இந்த வாரம் அகப்பட்டவை. ஓர் ஊரில் நகரசபைத் தேர்தலில் இரண்டு பேருக்கும் சம ஓட்டு. நாணயம் சுண்டினார்கள். அது உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. சாக்கடையைத் தூர்வார நகரசபைத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குத் தலைவர் வேண்டும். தலைவர் சாக்கடைக்குள் இருக்கிறார்.

இன்னொரு ஊரில் ஒரு படம். கதாநாயகன் கடைசியில் செத்துப்போகிறான். ரசிகர்கள் நாற்காலியைப் பிய்த்துவிட்டார்கள். தியேட்டர்காரர் கடைசி ரீலை ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். அந்த ஊரில் மட்டும் கதாநாயகன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

உன் பள்ளிக்கூடம் எப்படி? கையாலேயே கூச்சல் போடும் பிள்ளைகள் நலமா? போன் போட்டால் என்ன என்று இங்கே நண்பர்கள் கேட்கிறார்கள். அம்மாவிடம் போனைக் கொடுத்து அவள் என்ன செய்வாள்? நம் வீட்டில் எழுதினால்தான் நடந்த மாதிரி.

பத்தியை வெட்டி இணைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்.

அண்ணன்

*

ஜனவரி 29

அண்ணாவுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். முதுகுக்குத் தலையணை வை. நாற்காலியை நம்பாதே.

பத்தியை அம்மாதான் முதலில் படித்தாள். சிரிப்பு வரும் இடத்தில் அவள் ஒன்றும் செய்வதில்லை. வராத இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. இந்த முறை கோடு குறைவு. கதாநாயகன் உயிரோடு இருக்கும் ஊருக்குக் குடிபோகலாமா என்று கேட்கிறாள்.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கட்டடம் பழசாம். பிள்ளைகளை வேறு வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அசைத்தார்கள். அது விடைபெறும் சைகை இல்லை. எங்கள் வகுப்பில் அதுதான் கைதட்டல்.

பதறாதே. வேறு வேலை கிடைத்திருக்கிறது. இப்போது பயிற்சிக் காலம். என்ன வேலை என்று நிரந்தரமானதும் சொல்கிறேன். அம்மா உத்தரவு. "இப்போதே சொன்னால் பத்தியில் போட்டுவிடுவான்" என்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லலாம். கடையில் திரைச்சீலை தைத்துவிட்டு வந்து, எனக்குச் சட்டை தைக்கிறாள். எல்லாம் கறுப்பு. இந்த வேலைக்குப் பூப்போட்டது கூடாது. நீ கண்டுபிடிக்க மாட்டாய்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அண்ணா. அதை எழுதிவைக்க வேண்டும் போலிருந்தது.

தங்கை

*

மார்ச் 6

வாலுக்கு,

நலம். நாற்காலி வந்துவிட்டது. முதுகு பழைய நாற்காலியைத் தேடுகிறது. அம்மாவுக்கு இருமல் நின்றதா?

கறுப்புச் சட்டை. நீதிமன்றமா? இசைக்குழுவா? அம்மாவின் தண்டனையா?

வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசிரியர் என் மேஜைக்கு வந்து சிரித்தார். இந்த வாரப் பத்தி. அவர் சிரித்தால் மீசை மட்டும் ஆடும். ஆடியது.

செய்தி இவ்வளவுதான். ஒரு மாகாணத் தொலைக்காட்சி. அமைச்சர் ஒருவர் ஒரு தெருமுனையில் போக்குவரத்து விளக்கைத் திறந்துவைத்துப் பேசுகிறார். ஒரு விளக்கு. அதற்கு ஒரு பேச்சு. பின்னால் விளக்கு சிவப்பாகிறது, பச்சையாகிறது, மறுபடி சிவப்பாகிறது, பேச்சு முடியவில்லை. திரையின் மூலையில் கட்டத்துக்குள் சைகை மொழிபெயர்ப்புச் செய்யும் பெண், நடுவில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். விசாரணை நடக்கிறது. அவ்வளவே. எந்த மாகாணம் என்பதைக்கூட டெலிபிரிண்டர் தின்றுவிட்டது. காகிதம் சிக்கிக் கிழிந்துபோயிருந்தது.

நான் எழுதியது: "கட்டத்துக்குள் இருந்த அம்மணி அமைச்சரின் பேச்சை மிகத் துல்லியமாக மொழிபெயர்த்தார். கண்ணை மூடி, வாயைத் திறந்து, குறட்டையோடு. இதைவிட நேர்மையான மொழிபெயர்ப்பு உண்டா?"

எப்படி? இந்த விஷயத்தில் நம் வீட்டில் நீதான் நிபுணர். நான் அம்மாவிடம் சைகையில் சோறு, தண்ணீர், தூக்கம் தாண்டிப் போனதில்லை. மீதிக்கெல்லாம் நீ இருந்தாய்.

சிரித்தாயா? உடனே எழுது.

அண்ணன்

*

மார்ச் 30

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். இருமல் நின்றுவிட்டது.

தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை. வேலை.

உன் பத்தியை இங்கே உள்ளூர்ப் பத்திரிகை எடுத்துப் போட்டிருக்கிறது. ஒட்டுக்கேட்பவன் என்ற பெயரோடு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் படித்துச் சிரித்தார். "பாத்தீங்களா, குறட்டையாம்" என்று என்னிடம் காட்டினார். பார்த்தேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண் தூங்கினாள் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

தங்கை

*

ஏப்ரல் 5

வாலுக்கு,

யாரும் சொல்லவில்லை! அதுதானே என் திறமை. கையை மடியில் வைத்தாள் என்பது செய்தி. தூங்கினாள் என்பது இலக்கியம்.

உங்கள் ஊர்ப் பத்திரிகையிலா? நிஜமாகவா? ஆசிரியரிடம் சொன்னேன். மீசை மறுபடி ஆடியது. அந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பு. சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

இந்த வாரம் ஒரு அரசியல்வாதி தன் சிலையைத் தானே திறந்துவைத்துவிட்டு, சாயல் சரியில்லை என்று சிலைமேல் வழக்குப் போட்டிருக்கிறார். இதைவிட அந்தக் குறட்டை அம்மணிதான் நன்றாக ஓடினாள்.

உன் கடிதம் ஏன் இவ்வளவு சின்னது? அம்மாவின் காற்று பட்டுவிட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 14

மகனுக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா?

அந்தப் பெண் உன் தங்கை.

பள்ளிக்கூடம் மூடியபின் தொலைக்காட்சியில் சேர்ந்தாள். மூலைக் கட்டத்தில் அவள்தான். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்தோம். தப்பு என்னுடையது.

அவள் தூங்கவில்லை. நான் பார்த்தேன். எங்கள் கேளாதோர் சங்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் காட்டியது இது: "அமைச்சர் முன்பு சொன்னதையே மறுபடி சொல்கிறார். புதிதாக ஏதாவது சொன்னால் கை தூக்குகிறேன். அடுப்பில் பால் வைத்தவர்கள் போய்ப் பாருங்கள்." பிறகு கையை மடியில் வைத்தாள். கண் திறந்திருந்தது. கடைசியில் கை தூக்கினாள். அமைச்சர் புதிதாகச் சொன்னது "நன்றி".

நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நிலையத்தில் யாருக்கும் சைகை தெரியாது. சும்மா இருந்தாள் என்று விசாரணை. அவர்களுடைய ஒளிப்பதிவு நாடாவின் மேல் ஒரு நடன நிகழ்ச்சியைப் பதிந்து அழித்துவிட்டார்கள். இப்போது கோப்பில் இருக்கும் ஒரே சாட்சி உன் பத்தி. தூங்கினாள் என்று அதில்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் எனக்காகப் பதிந்த வீடியோ கேசட் என்னிடம் இருக்கிறது. பிரதி அனுப்புகிறேன். அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள்.

என் மகளைத் தூங்குமூஞ்சி என்று ஊரே சிரிக்கிறது. பேருந்தில், கடையில். எனக்குக் கேட்காது. தெரியும்.

நீதான் எழுதினாய். நீயே எழுது.

அம்மா

*

ஏப்ரல் 22

வாலுக்கு,

என்ன எழுதுவது?

அம்மாவின் கடிதமும் கேசட்டும் வந்தன. என்னிடம் கருவி இல்லை. வாடகைக் கேசட் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மூலையில் உட்காரவைத்துப் போட்டுக்கொடுத்தார். ஒலியைக் குறைத்துவிடச் சொன்னேன்.

"என்ன சார், சவுண்டே வேணாமா? சண்டைப் படமா?"

"குடும்பப் படம்."

நீ இருந்தாய். மூலையில், தபால்தலை அளவில். கறுப்புச் சட்டை. காலர் அம்மாவின் தையல் என்று தெரிந்தது. எனக்கு அந்த மொழி வராது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் "மறுபடி" புரிந்தது. சாப்பாட்டு மேஜையில் அம்மா எனக்கு எத்தனை தடவை காட்டியிருப்பாள், மறுபடி செய்தால் அடி என்று. "பால்" புரிந்தது. "போய்ப் பார்" புரிந்தது. நான் தனியாகச் சிரித்தேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அமைச்சர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு.

உன் முகத்தைப் பார்த்தேன். விழித்த முகம்.

பேருந்தில் உனக்குக் காட்டியது என் பத்தி. அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன் என்று உனக்கே எழுதினேன்.

ஆசிரியரிடம் போனேன். "திருத்தம் போட இது கோர்ட் செய்தியாப்பா? சிரிப்புப் பத்தி" என்றார். சிரிப்பாகவே எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன். ஒரு பக்கம் அமைச்சர் பேசியது, வார்த்தைக்கு வார்த்தை, கேசட்டை மறுபடி ஒலியோடு ஓட்டிக் கேட்டு எழுதியது. இன்னொரு பக்கம் நீ காட்டியது, அம்மா எழுதியபடி. "குறட்டை என் கற்பனை. அம்மணி விழித்திருந்தார். அன்று விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான்" என்று முடித்திருக்கிறேன். இந்த ஞாயிறு வருகிறது. உங்கள் ஊர்ப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன்.

இனி உன்னை யாரும் தூங்கினாய் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் சந்தோஷப்படு. மன்னிப்பது பிறகு இருக்கட்டும்.

அண்ணன்

*

ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை உடனே தபாலில் சேர்க்கப் போகிறேன்.

அம்மா உனக்கு எழுதியதையும் கேசட் அனுப்பியதையும் இன்று காலைதான் சொன்னாள். எது செய்தாலும் செய், பத்தியில் எதுவும் எழுதாதே.

யோசித்துப் பார். நான் தூங்கினேன் என்றால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நிலையத் தலைவரே அப்படிச் சொல்லச் சொன்னார். "காய்ச்சல்னு எழுதிக் குடும்மா. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுக்கலாம்." எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை நிற்கும்.

நான் என்ன காட்டினேன் என்று தெரிந்தால் அது தூக்கம் இல்லை. அமைச்சரைக் கேலி செய்தது. அதுவும் நேரடி ஒளிபரப்பில், அரசாங்கச் செலவில். ஒரு வார்த்தைகூடச் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. நான் பாலையே சேர்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் இருப்பவளை வெளியே அனுப்ப ஒரு கையெழுத்து போதும்.

ஊரில் காது கேளாதவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். காது கேட்கிறவர்கள் ஒருவருக்கும் தெரியாது. யாரும் வாய் திறக்கவில்லை. சங்கமே சேர்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் உன் பத்தியைப் பார்த்தபோது வலித்தது. இப்போது உன் பொய்தான் எனக்குக் குடை. மடக்கிவிடாதே.

தங்கை

*

ஏப்ரல் 26

வாலுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பத்தி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

நீ எழுதியதும் நான் எழுதியதும் ஏதோ ஒரு ரயிலடியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

உங்கள் ஊர்ப் பத்திரிகைக்குப் போன் போட்டேன். "அருமையா இருந்துச்சு சார். முதல் பக்கத்துலயே போட்டுட்டோம்" என்றார்கள்.

முதல் தடவை பொய் எழுதி உன்னைக் கெடுத்தேன். இரண்டாவது தடவை உண்மை எழுதி. எனக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது.

உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்று ஜனவரியில் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் தாண்டிப் போயிருந்தேன்.

ஒரு வரி போடு. திட்டியாவது.

அண்ணன்

*

மே 19

மகனுக்கு,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. அவள் படிக்கிறாள். பதில் எழுத உட்காருகிறாள். எழுந்துவிடுகிறாள்.

நேற்று விசாரணை முடிந்தது. நல்லபடி. மீதியை அவளே எழுதுவாள். எழுதச் சொல்லி மேஜையில் உட்காரவைத்திருக்கிறேன்.

சாப்பிடு.

அம்மா

*

மே 19

அண்ணாவுக்கு,

அம்மா எதிரில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ நலமா? உன் கடைசிக் கடிதத்தில் முதுகைப் பற்றி ஒன்றும் இல்லை. பயமாக இருந்தது.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. வேலை போய்விட்டால் உன்னைக் குற்றம் சொல்லாமல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் முடிவு தெரியட்டும் என்றிருந்தேன்.

போகவில்லை. வேலை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு விடு.

ஒப்பனை அறையில்தான் விசாரணை. வேறு அறை காலியில்லை. சுற்றிலும் பல்பு போட்ட கண்ணாடிக்கு முன்னால் அதிகாரி. நல்ல வெளிச்சம். பாவம், அவர் முகத்துக்குத்தான் குற்றவாளிக் களை வந்துவிட்டது. கையில் உன் இரண்டு பத்திகள்.

"ஒன்னுல தூங்கினேங்குது. இன்னொன்னுல தூங்கலேங்குது. இதுல எதும்மா நிஜம்?"

"ரெண்டாவது சார்."

"அப்ப மொதல்ல எழுதினவன் யாரு?"

"அதுவும் அவர்தான் சார்."

"எவர்?"

"எங்கண்ணன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ரெண்டையும் எழுதினது உங்கண்ணனா? உனக்கு வெளியில எதிரியே வேணாம்மா."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. அம்மா. பின்னால் சங்கத்துக்காரர்கள், அறை கொள்ளாமல். நான் வரச் சொல்லவில்லை. கேசட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வேண்டுமாம். அதிகாரி என்னைப் பார்த்தார். அவர்கள் சொல்வதை அவருக்கு யார் சொல்வது? நிலையத்தில் சைகை தெரிந்த ஒரே ஆள் நான். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இப்படி ஒரு நிலைமை அதில் இல்லை.

"சரி, நீயே சொல்லு. ஆனா ஒன்னு விடக்கூடாது."

"விடமாட்டேன் சார்."

அம்மா ஆரம்பித்தாள். அவள் கை காட்டியதை என் வாயால், என்னைப் பற்றி, நானே சொல்ல வேண்டும்.

"இவ பிடிவாதக்காரி. சொன்ன பேச்சு கேக்கமாட்டா. லீவு நாள்ல வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்குவா. வீட்டுல தூங்குவா. வேலையில தூங்கமாட்டா."

"இத அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியே சார்."

அடுத்து அம்மா காட்டியதும் என் வாய் நின்றுவிட்டது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். 'சொல்' என்று மேஜையைத் தட்டினாள்.

"நீங்க மூக்கத் தடவிக்கிட்டே பேசறீங்களாம் சார். உதடு தெரியலியாம். கைய எடுக்கச் சொல்றாங்க."

எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அம்மா சொன்னதை உனக்கு எழுதுகிறேன். அவள் எனக்கே இதைச் சொன்னதில்லை.

"உங்களுக்குப் பேச்சு அலுத்துப்போனா அடுப்படிக்குப் போயிடறீங்க. காது அதுபாட்டுக்கு இங்க இருக்கு. புதுசா ஏதாவது வந்தா திரும்பி வர்றீங்க. நான் அப்படிப் போகமுடியாது. கண்ண எடுத்தா போச்சு. முக்கியமா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு, இவ இந்தக் கட்டத்துக்கு வந்ததுலேர்ந்து ஒவ்வொரு பேச்சையும் கடைசி வரைக்கும் பாத்திருக்கேன். ஒன்னுமே சொல்லமாட்டாங்க. அது கடைசியிலதான் தெரியும். அன்னைக்குத்தான் ஒருத்தி, நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன், ஏதாவதுன்னா கூப்பிடறேன்னு சொன்னா. என் மக சொன்னான்னு நான் பேசலை. வேற யார் சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்."

கடைசி இரண்டு வாக்கியத்தை விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் விடவில்லை.

பின்னால் எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தார்கள். அதிகாரி பயந்துபோய் "என்ன, என்ன வேணுமாம்?" என்றார். கைதட்டுகிறார்கள் என்றேன்.

கேசட்டைப் போட்டுப் பார்த்தார். அமைச்சர் பேச ஆரம்பித்தார். விளக்கு சிவப்பானது. நேர்மையாகச் சொல்கிறேன், அதிகாரி முயற்சி செய்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து மூடினார். அமைச்சர் விளக்கின் வரலாற்றுக்கு மறுபடி வந்தபோது எழுந்துவிட்டார். கதவருகே போய் உதவியாளரிடம், "நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். புதுசா ஏதாவது சொன்னா கூப்பிடு" என்றார்.

சொன்னவர் அங்கேயே நின்றார். கை கைப்பிடியில். திரும்பி என்னைப் பார்த்தார். நான் அதையும் சங்கத்துக்குச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று விடக்கூடாது என்று அவர்தானே சொன்னார்.

முதலில் அம்மாதான் சிரித்தாள். அம்மா சிரித்தால் சத்தம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அறையே அதிர்ந்தது. அதிகாரி டீ குடிக்கப் போகவில்லை.

தீர்ப்பு: விதியை மீறியது உண்மை. எச்சரிக்கை. இனி சொந்தமாக எதுவும் சேர்க்கக் கூடாது, எதையும் விடவும் கூடாது. அமைச்சர் ஒன்றை எத்தனை தடவை சொல்கிறாரோ அத்தனை தடவையும் காட்ட வேண்டும். வேலையில் தொடரலாம்.

"அமைச்சர் ஆபீஸ்ல கோபமா இருப்பாங்களே சார்?"

"இருந்தாங்க. உன்ன எடுத்தா ஜனங்க ஏன்னு கேப்பாங்க. கேட்டா அந்தக் கேசட்டத்தான் மறுபடி போடுவாங்க. இருந்துட்டுப் போகட்டும்னுட்டாங்க."

வெளியே வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். நான் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்க இருந்தது தெரிந்தும் ஏன் அண்ணனுக்குக் கேசட்டை அனுப்பினாய்? "உனக்கு வேலை போனால் வேறு வேலை தேடலாம். காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நீ என் முகத்தைப் பார்க்கமாட்டாய்" என்றாள்.

உன்மேல் கோபம் கொஞ்சம் மீதி இருக்கிறது. பெரிதாக இல்லை. அடுத்த பத்தியில் சாக்பீஸ் கோடு நான் போடுவேன்.

தங்கை

*

ஜூன் 18

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதமும் பார்சலும் வந்தன. பூப்போட்ட சட்டைத்துணியை அம்மா தடவித் தடவிப் பார்க்கிறாள். வெட்ட மனம் வரவில்லை. வாரம் ஒரு சைகை கற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். படம் வரைந்து கேட்டிருந்தாயே, அந்தக் கை "கடிதம்" இல்லை, அண்ணா. "வாத்து". பரவாயில்லை. தொடர்ந்து செய்.

நான் நிரந்தரமாகிவிட்டேன். இதை நீ தாராளமாகப் பத்தியில் போடலாம். போடமாட்டாய் என்று தெரியும்.

நேற்று அதே அமைச்சர். பேருந்து நிழற்குடைத் திறப்பு. இந்த முறை என்னைக் கட்டத்தில் வைக்காமல் மேடையிலேயே, அவருக்கு அருகில் நிறுத்திவிட்டார்கள். என்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். அமைச்சர் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். குரலில் எதுவும் இல்லை. நானும் வணக்கம் சொன்னேன்.

பேச ஆரம்பித்தார். நிழற்குடை என்றால் என்ன என்று சொன்னார். காட்டினேன். வெயிலுக்கு ஒதுங்கலாம். காட்டினேன். மழைக்கும் ஒதுங்கலாம். காட்டினேன். பிறகு நிழற்குடை என்றால் என்ன என்று மறுபடி சொன்னார். நான் அதே கையை, அதே வளைவில், அதே வேகத்தில் காட்டினேன். விதிப்படி. வெயில். மழை. மறுபடி நிழற்குடை.

கூட்டம் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு புருவம்கூடத் தூக்கவில்லை. குடை, வெயில், மழை.

எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று அவரும் திரும்பினார். பேசிக்கொண்டேதான் திரும்பினார். வாய் "வெயிலுக்கு" என்றது. என் கை வெயிலுக்குப் போனது. "மழைக்கும்" என்றது. கை மழைக்குப் போனது. அவர் என் கையைப் பார்த்தார். தான் சொன்னதைத் தானே முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி.

நின்றுவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அவ்வளவுதான்" என்றார். சின்னக் குரலில். "நன்றி."

காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அப்படி ஒரு கைதட்டல், அவருக்கு இதுவரை கிடைத்திருக்காது. இறங்கும்போது என்னிடம் வந்து, "ரொம்ப நல்லா செஞ்சீங்கம்மா. யாருக்கும் அலுக்கல போலருக்கே" என்றார். கேலி இல்லை. சந்தோஷமாக இருந்தார்.

நிலையத்துக்குத்தான் சிக்கல். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மீதி நேரத்துக்குக் கையில் ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு ஏதோ ஒரு பழைய பாட்டைப் போட்டார்கள். கேமராவை என்மேலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எதையும் விடக்கூடாது என்பது உத்தரவு. அதனால் பாட்டையும் காட்டினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் முழுசாகப் பார்த்த முதல் பாட்டு. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் சொன்னதையே மறுபடி மறுபடி சொல்கிறார்களே?"

பாட்டு என்றால் அப்படித்தான் அம்மா என்றேன்.

"அப்படியா" என்றாள். "அப்படியென்றால் இன்னொரு தடவை காட்டு."

தங்கை